சாட்ஜிபிடிக்கு ஒரு விதி: துறைக்கு முன்னுள்ள நான்கு வழிகள்

ஜூன் பிறந்தால் கலை அறிவியல் கல்லூரிகளில் துறைக் கூட்டங்கள் தொடங்கிவிடும். கால அட்டவணை, பாடப் பங்கீடு, அகமதிப்பீட்டுத் தேதிகள் என்ற வழக்கமான பொருள்களுக்கு அடியில் சில ஆண்டுகளாக இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: மாணவர்களும் ஆய்வாளர்களும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்த என்ன விதி? பெரும்பாலும் "அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுந்துவிடுகிறோம். அப்படித் தள்ளிவைப்பதும் ஒரு முடிவுதான். அதன் விளைவாக ஒவ்வோர் ஆசிரியரும் தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொள்கிறார். ஒரே வகையான கட்டுரைக்கு ஒருவரிடம் பாராட்டும் இன்னொருவரிடம் பூஜ்யமும் கிடைக்கின்றன.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து உலகப் பல்கலைக்கழகங்கள் செய்துபார்த்தவற்றைத் தொகுத்தால் நான்கு வழிகள் தேறும். முழுத் தடை. கண்டறியும் மென்பொருள். பயன்படுத்தியதை மாணவரே அறிவிப்பது. கடைசியாக, எதை ஆசிரியர் கண்ணெதிரே சோதிப்பது, எதைத் திறந்துவிடுவது என்று மதிப்பீட்டையே இரண்டாகப் பிரிப்பது. நான் கடைசி வழியின் பக்கம்; ஆய்வேட்டுக்கு மட்டும் மூன்றாவதையும் அதனோடு சேர்த்துக்கொள்வேன். நான்கையும் எடைபோட ஒரே கேள்வியை வைத்துக்கொள்கிறேன்: இந்த விதி மீறப்பட்டால் அதை நிரூபிக்க முடியுமா? நிரூபிக்க முடியாத விதியால் நட்டப்படுகிறவர், அதற்குக் கட்டுப்பட்டு நடக்கிற மாணவர் ஒருவர்தான்.

தடை

தடையின் கவர்ச்சி அதன் எளிமை. ஒரே வரியில் எழுதிவிடலாம்; நிர்வாகத்துக்கும் பிடிக்கும். 2023 ஜனவரியில் பாரிஸின் சியான்ஸ் போ பல்கலைக்கழகம், சாட்ஜிபிடியைக் குறிப்பிடாமல் பயன்படுத்துகிற மாணவரை நிறுவனத்தை விட்டே நீக்கலாம் என்று அறிவித்தது. அதே மாதம் நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகள் தங்கள் கணினிகளிலும் இணைப்பிலும் அதை முடக்கின; மே மாதமே அந்த முடிவைத் திரும்பப் பெற்றன. 'சயின்ஸ்' ஆய்விதழும் 2023 தொடக்கத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டு, நவம்பரில், சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று இறங்கிவந்தது.

இறங்கிவந்ததற்குக் காரணம் தெளிவு. கைப்பேசியின் விசைப்பலகையிலும், வேர்டு மென்பொருளிலும், கூகுள் தேடலின் உச்சியிலும் இந்த நுட்பம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. இலக்கணத் திருத்தியை அழுத்திய மாணவி குற்றவாளியா, தேடல் பக்கத்தின் தலையில் வந்த சுருக்கத்தைப் படித்துக் குறிப்பெடுத்த மாணவர் குற்றவாளியா என்று கேட்டால், விதியை எழுதியவரே தடுமாறுவார்.

தடை வேலை செய்கிற இடம் ஒன்று உண்டு: தேர்வு அறை. இந்த விஷயத்தில் நமக்கு எதிர்பாராத சாதகம் இருக்கிறது. அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்ற பிரிப்பு தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் உள்ளது. அந்த 75 மதிப்பெண்ணும் மேற்பார்வையாளர் நடக்கிற கூடத்தில், பேனாவால் எழுதி வாங்குவது. வீட்டுக் கட்டுரையையே நம்பியிருந்த மேலைப் பல்கலைக்கழகங்களுக்கு வந்த நடுக்கம் நமக்கு அந்த அளவுக்கு வரவேண்டியதில்லை. (அந்தக் கூடத்தில் நாம் எதைச் சோதிக்கிறோம், மனப்பாடத்தைத்தானே என்பது வேறு வழக்கு, அது சாட்ஜிபிடி வருவதற்கு முன்பிருந்தே நிலுவையில் இருக்கிறது.)

சதவீதம் காட்டும் மென்பொருள்

நம் துறைகள் அதிகம் சாய்கிற வழி இதுதான். எனக்கு மிகவும் ஆபத்தாகத் தோன்றுவதும் இதுதான்.

குழப்பம் ஒரு பழைய பழக்கத்திலிருந்து தொடங்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை, உரை ஒப்புமையைச் சதவீதத்தில் வரையறுத்தது. 10 வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60க்கு மேல் என்று படிநிலைகள். அன்று முதல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறவர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். ஒப்புமை அறிக்கையில் ஒரு நேர்மை இருக்கிறது: இந்த வரி இந்த நூலிலிருந்து வந்தது என்று மூலத்தைக் காட்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்து நீங்களே பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். செயற்கை நுண்ணறிவுக் கண்டறிவியில் மூலம் என்று எதுவுமே கிடையாது. அது சொல்வது ஊகம் மட்டும். ஆனால் அதுவும் சதவீதக் குறியோடு, அதே மாதிரிப் பக்கத்தில் வருவதால், பழைய 40ஐப் படித்த கண் புதிய 40ஐயும் அப்படியே படித்துவிடுகிறது.

ஊகம் எப்படி நடக்கிறது? ஒரு வாக்கியத்தில் அடுத்த சொல் எந்த அளவுக்கு எதிர்பார்த்தபடியே வருகிறது என்று இத்தகைய மென்பொருள்கள் கணக்கிடுகின்றன. எல்லாச் சொல்லும் எதிர்பார்த்தபடி வந்தால், வாக்கியங்களின் நீளமும் ஒரே சீராக இருந்தால், இயந்திரம் எழுதியிருக்கலாம் என்று முடிவுகட்டுகின்றன. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிற மாணவியை நினைத்துப் பாருங்கள். அவரிடம் இருப்பது குறைந்த சொற்களஞ்சியம். நோட்ஸில் மனப்பாடம் செய்த தொடர்கள். தவறு வந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் எழுதுகிற சிறிய, பத்திரமான வாக்கியங்கள். அடுத்த சொல் என்ன என்று எவரும் சொல்லிவிடக்கூடிய எழுத்து அது. சொந்தக் கையால் எழுதியும் சிக்கிக்கொள்வார்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறிவிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல், சுமார் 61%, இயந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. எல்லாமே மனிதர்கள் எழுதியவை. அமெரிக்க மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தடுமாற்றம் மிகக் குறைவு.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறிவியை வெளியிட்டது. இயந்திர எழுத்தில் 26%ஐத்தான் அது சரியாகப் பிடித்தது. மனித எழுத்தில் 9%ஐத் தவறாகப் பிடித்தது. ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உரை ஒப்புமை மென்பொருளை விற்கிற டர்னிடின், தன் கண்டறிவியின் தவறு விகிதம் 1%க்கும் குறைவு என்றது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஒரு சாதாரணப் பெருக்கல் போட்டது: 2022இல் தங்களிடம் சமர்ப்பிக்கப்பட்டவை 75,000 தாள்கள், 1% என்றால் 750 தாள்கள் மீது பொய்க் குற்றச்சாட்டு. 2023 ஆகஸ்டில் அந்த வசதியை அணைத்துவிட்டது.

நம் நாட்டிலும் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சட்ட முதுநிலை படித்த மாணவரின் தேர்வு விடைகளில் 88% இயந்திரத்தின் எழுத்து என்று தோல்வி போட்டார்கள். அவர் 2024இல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே பல்கலைக்கழகம் அவருக்குத் தேர்ச்சி அளித்துவிட்டது, மனு முடித்துவைக்கப்பட்டது. ஒரு மென்பொருளின் சதவீதம் சாட்சியமாகுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு விடை காண உங்கள் துறை பிரதிவாதியாக நிற்க விரும்புமா?

"தண்டனைக்கு வேண்டாம், ஒரு முதல் குறிப்புக்காக வைத்துக்கொள்ளலாமே" என்பார்கள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. தலையில் 72 என்று எழுதிய தாளை யாராலும் வெறும் தாளாகப் படிக்க முடியாது.

அறிவிப்பு

ஆய்விதழ்கள் பெரும்பாலும் இந்த வழிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. 2023 ஜனவரியில் 'நேச்சர்' இரண்டு விதிகளைச் சொன்னது: மொழி மாதிரி (சாட்ஜிபிடி போன்ற செயலிகளை இயக்குகிற நிரல்) எதுவும் கட்டுரையாசிரியராக இடம்பெற முடியாது, பயன்படுத்தினால் ஆய்வுமுறைப் பகுதியில் சொல்லவேண்டும். பதிப்பு நெறிக்கான கோப் அமைப்பும் அடுத்த மாதம் இதையே சொன்னது. காரணம் எளியது. ஆசிரியர் என்றால் எழுதியதற்குப் பொறுப்பேற்க வேண்டும். பிழை வந்தால் பதில் சொல்ல வேண்டும். இயந்திரத்துக்கு அது இயலாது.

ஆனால் அறிவிப்பு என்பது சடங்காகிவிடும் அபாயம் இருக்கிறது. இப்போது பல ஆய்வேடுகளின் முகப்பில் வருகிற வாக்கியம் இது: "மொழிநடையைச் செம்மைப்படுத்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்படுத்தப்பட்டது." இதிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. இப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

"ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, ஜெமினியில் ஆங்கிலமாக்கி, நெறியாளருடன் உட்கார்ந்து திருத்தினேன். இரண்டாம் இயலுக்கான முன்னாய்வுகளைத் தேட சாட்ஜிபிடியிடம் பட்டியல் கேட்டேன். அது தந்தவற்றில் நூலகத்திலோ ஷோத்கங்காவிலோ கண்ணால் பார்த்தவற்றை மட்டும் சேர்த்தேன். கிடைக்காத நான்கு தலைப்புகளை நீக்கினேன். நேர்காணல் பதிவுகளை எந்த இணையச் செயலியிலும் ஏற்றவில்லை."

(ஷோத்கங்கா என்பது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்.) இதை எழுதியவரிடம் வாய்மொழித் தேர்வில் கேட்க உடனே பத்துக் கேள்விகள் கிடைக்கும். நல்ல அறிவிப்புக்கு இதுவே அடையாளம்.

அந்த "கிடைக்காத நான்கு தலைப்புகள்" சாதாரண விஷயம் இல்லை. செயலிகள் இல்லாத கட்டுரைக்கு இருக்கிற ஆய்விதழின் பெயரையும், தொகுதி எண்ணையும், நம்பும்படியான பக்க எண்ணையும் சூட்டிவிடும். ஆங்கிலக் கட்டுரை என்றால் டிஓஐ என்கிற நிலையான அடையாள எண்ணைப் போட்டுச் சில நொடிகளில் பொய்யைப் பிடித்துவிடலாம். தமிழ் நூல்களுக்கும் சிற்றிதழ்க் கட்டுரைகளுக்கும் அந்த எண் அநேகமாகக் கிடையாது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலையோ, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையோ தேடித்தான் உறுதிசெய்ய வேண்டும். ஆகவே தமிழில் போலி மேற்கோள் நெடுங்காலம் பிடிபடாமல் ஆய்வேட்டிலிருந்து ஆய்வேட்டுக்குத் தாவும். நெறியாளர்கள் இதற்காகவேனும் நூற்பட்டியலில் ஆங்காங்கே சில பதிவுகளைத் தொட்டு, "இந்த நூலைக் கொண்டுவந்து காட்டுங்கள்" என்று கேட்கவேண்டும்.

இந்த வழியைக் கெடுப்பவர்கள் பல நேரங்களில் ஆசிரியர்களே. அறிவித்த மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால் அடுத்த பருவத்தில் ஒருவரும் அறிவிக்க மாட்டார்கள். அறிவித்த பயன்பாட்டுக்கு மதிப்பெண் குறையாது என்று விதியிலேயே எழுதவேண்டும். அதை எழுத மனம் வராத துறை இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

இரண்டு தடங்கள்

சிட்னி பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வடிவம் கொடுத்திருக்கிறது. ஒரு தடத்தில் பாதுகாப்பான மதிப்பீடுகள்: நேரில், மேற்பார்வையில், ஆசிரியர் அனுமதித்தால் ஒழிய கருவி கிடையாது. மற்றொரு தடத்தில் திறந்த மதிப்பீடுகள்: கருவியைப் பயன்படுத்தலாம் என்பதே தொடக்க நிலை. இடையில் "கொஞ்சம் மட்டும் அனுமதி" என்ற நடுத்தடத்துக்கு அவர்கள் இடம் வைக்கவில்லை. பிரிட்டிஷ் யுனிவர்சிட்டி வியட்நாமில் உருவான ஐந்து படி அளவுகோல், கருவியே இல்லை என்பதில் தொடங்கி முழுப் பயன்பாடு வரை படிப்படியாகப் போகிறது. பல நாடுகளில் எடுத்துக்கொண்டார்கள். வகுப்பில் விளக்குவதற்கு அந்த அளவுகோல் நல்லது. ஆனால் "யோசனைக்கு மட்டும் பயன்படுத்து, எழுதுவதற்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், வீட்டில் எது நடந்தது என்பதை யார் பார்த்தார்கள்? மேலே வைத்த கேள்வியில் நடுப்படிகள் தோற்றுவிடுகின்றன. அதனால் எனக்குச் சிட்னியின் கறார்தான் பிடித்திருக்கிறது.

நம் துறைகளுக்கு இதைக் கொண்டுவருவது எப்படி? உள்தேர்வுகள் ஏற்கெனவே அறைக்குள் நடக்கின்றன. முதல் தடம் தயார். மாற்றவேண்டியது வீட்டு ஒப்படைப்பை. கட்டுரையை எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும். மதிப்பெண்ணின் பெரும்பகுதி, அதைப் பற்றி ஐந்து நிமிடம் நேரில் பேசுவதற்கு. "இரண்டாம் பத்தியை எடுத்துவிட்டால் கட்டுரை நிற்குமா?", "இந்த மேற்கோள் எதிர்த்தரப்புக்கும் உதவாதா?" போன்ற கேள்விகள் போதும். எழுதியதைப் புரிந்துகொள்ளாதவர் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுவார். கருவியின் உதவியோடு எழுதியும் நன்றாகப் புரிந்துகொண்டிருப்பவருக்கு மதிப்பெண் தருவதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

செலவு நேரம்தான். அறுபது பேர் என்றால் ஐந்து மணி நேரம். ஒரு பருவத்துக்கு ஒருமுறை என்றால் தாங்கும். மூன்று பாடம் எடுக்கிற கௌரவ விரிவுரையாளருக்குத் தாங்காது.

திறந்த தடத்தில் செய்யக்கூடிய ஒரு பயிற்சியைத் தமிழ்த் துறைகளுக்குச் சிபாரிசு செய்கிறேன். புறநானூற்றின் 400 பாடல்களில் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. மாணவர்கள் தங்கள் கைப்பேசியில் "புறநானூறு 267ஆம் பாடலைத் தந்து உரை எழுது" என்று கேட்கட்டும். ஒரு செயலி பாடல் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். இன்னொன்று வேறொரு பாடலின் வரிகளைக் கொண்டுவந்து வைக்கலாம். மூன்றாவது, திணையும் துறையும் புலவர் பெயரும் சேர்த்து ஒரு பாட்டையே கட்டித் தரலாம். வந்ததை உ.வே.சா. பதிப்போடு ஒப்பிட்டு, எந்த வரி எங்கிருந்து வந்தது, யாப்பு நிற்கிறதா, எந்தச் சொல் சங்க வழக்கில் இல்லாதது என்று இரண்டு பக்கம் எழுதட்டும். எந்த விடை வந்தாலும் எழுதுவதற்குப் பொருள் இருக்கும். அந்த இரண்டு பக்கத்தைச் செயலியே எழுதித் தந்தால், அதையும் பதிப்போடு ஒப்பிட்டுத்தான் தீரவேண்டும்.

ஆய்வுத் தரவு எங்கே போகிறது?

ஆய்வில் அனுமதியா தடையா என்பதைவிட எந்தக் கருவி என்பது பெரிய கேள்வி. சாதி வன்முறையைப் பற்றி ஒரு மூதாட்டி களஆய்வாளரிடம் பேசுகிறார் என்று வையுங்கள். அவர் இசைவு கொடுத்தது எதிரே உட்கார்ந்திருக்கிற ஆய்வாளருக்கு. வெளிநாட்டிலுள்ள ஒரு நிறுவனத்தின் சர்வருக்குக் கொடுக்கவில்லை. இலவசக் கணக்குகளில் நாம் ஏற்றுகிற உரை, செயலியின் அமைப்புகளில் (settings) மாற்றாவிட்டால், அடுத்த மாதிரியின் பயிற்சிக்கும் போகலாம். நிறுவனமே ஒப்பந்தம் போட்டு வாங்குகிற கணக்கு இதைவிட மேல். ஆனால் பணம் வேண்டும், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

மூன்றாவதாக, எவரும் பதிவிறக்கிச் சொந்தக் கணினியிலேயே ஓட்டக்கூடிய திறந்த மாதிரிகள். லாமா, ஜெம்மா போன்றவற்றின் சிறிய வடிவங்கள் ஒல்லாமா மென்பொருள் வழியாக 16 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில் ஓடும், இணையமே வேண்டாம். தமிழில் அவற்றின் கை பெரிய செயலிகளைவிடத் தாழ்வுதான். பெயர், ஊர் நீக்குவது, பதிவுகளைப் பொருள்வாரியாகப் பிரிப்பது போன்ற வேலைகளுக்கு, நாமே சரிபார்ப்பதாக இருந்தால், போதும். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாதிரியும் இப்படிச் சொந்தக் கணினியில் ஓடும். அதில் ஒரு எச்சரிக்கை: 2024இல் வெளியான ஓர் ஆய்வு, ஆராய்ந்த ஒலித்துண்டுகளில் சுமார் 1%இல் விஸ்பர் யாரும் பேசாத தொடர்களையே சேர்த்திருப்பதைக் கண்டது. பேச்சில் நீண்ட மௌனம் விழுகிற இடங்களில் இது கூடுதலாக நடக்கிறது. முதியவர்களின் நேர்காணலில் மௌனம்தான் அதிகம். ஒலியைக் கேட்டபடி எழுத்தைச் சரிபார்க்காமல் மேற்கோள் எடுக்கக் கூடாது.

செலவுக் கணக்கில் தமிழுக்கென்று ஒரு சுங்கமும் உண்டு. செயலிகள் உரையைத் துண்டு துண்டாக வெட்டியே படிக்கின்றன. கட்டணமும் வரம்பும் துண்டுக் கணக்கில். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாதிரி வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், ஒரே செய்தி ஆங்கிலத்தில் 24 துண்டு, தமிழில் 35. அதற்கு முந்தைய முறையில் தமிழுக்கு 116. இடைவெளி குறைந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை.

மதிப்பீட்டாளர்களுக்குத் தடையே சரி. பிறர் இன்னும் வெளியிடாத ஆய்வேட்டைச் செயலியில் ஏற்றி அறிக்கை கேட்பது நம்பிக்கை மோசம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023 ஜூனில் நிதி விண்ணப்ப மதிப்பீட்டில் இதைத் தடைசெய்தன. 2025இல், ஆய்விதழுக்கு முன்பே கட்டுரைகளை வெளியிடுகிற ஆர்க்சைவ் தளத்திலிருந்த சில கட்டுரைகளில், "நல்லபடியாக மட்டும் மதிப்பிடு" என்று இயந்திரத்துக்கான கட்டளை வெள்ளை எழுத்தில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. மதிப்பீட்டாளர்கள் செயலியைத்தான் படிக்கவைப்பார்கள் என்று அந்தக் கட்டுரையாசிரியர்கள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள்.

விதி ஆசிரியர்களையும் கட்டவேண்டும். வினாத்தாளும் குறிப்பும் செயலியில் தயாரித்தால் அதையும் சொல்லவேண்டும். 2025இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவி ஒருவர், தங்களுக்குத் தடை போட்ட பாடத்தில் பேராசிரியர் மட்டும் சாட்ஜிபிடியில் குறிப்பு தயாரித்ததைக் கண்டு, கட்டணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டார். பணம் கிடைக்கவில்லை, கேள்வி நியாயமானது.

ஆக, முனைவர் பட்ட ஆய்வு நடக்கிற துறை என்றால் விரிவான அறிவிப்பும், அதை வைத்தே கேள்வி கேட்கிற பொது வாய்மொழித் தேர்வும் சேர்ந்து போதும். புறத்தேர்வாளருக்கு ஆய்வேட்டோடு அறிவிப்பின் ஒரு படியையும் தனியே அனுப்பிவிடுங்கள். முதுகலை வகுப்புகளில் இருபது, முப்பது பேர் இருக்கிற துறைக்கு இரண்டு தடமும் ஐந்து நிமிட உரையாடலும். வகுப்பில் எழுபது பேரும், இருக்கிற ஆசிரியர்களில் பாதி கௌரவ விரிவுரையாளர்களுமாக ஓடுகிற இளங்கலைத் துறைக்கு அந்த உரையாடலும் பகட்டுதான். அங்கே வீட்டு ஒப்படைப்பை மதிப்பெண்ணிலிருந்து எடுத்துவிட்டு, வகுப்பிலேயே முக்கால் மணி நேரம், புத்தகத்தைத் திறந்து வைத்து, ஒரு பக்கம் எழுதவைத்தால் போதும். தாளை அன்றே வாங்கிக்கொள்ளலாம். சந்தா கட்டவேண்டிய மென்பொருளும் இல்லை.